த்ரீ கார்ட் போக்கர்: மேசையில் உட்காரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேசினோவில் போக்கர் என்று எழுதிய மேசையைப் பார்த்தாலே பலர் ஒதுங்கிப்போய் ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தைக் கல்லாக வைத்திருக்கும் ஆட்களோடு மல்லுக்கட்ட வேண்டுமோ என்ற பயம். த்ரீ கார்ட் போக்கரில் அந்தத் தொல்லையே கிடையாது. மேசையில் ஆறேழு பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக டீலரோடுதான் ஆடுகிறார்கள், டீலரும் தன் இஷ்டத்துக்கு ஆட முடியாது, சீட்டைத் திருப்பி விதிப்படி பணம் கொடுப்பதும் எடுப்பதும்தான் அவர் வேலை. நீங்கள் ஒரு கைக்கு எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: இன்னொரு பந்தயம் கட்டுவதா, சீட்டைக் கவிழ்ப்பதா. அதற்கான சரியான விடையும் ஒரே வரியில் அடங்கிவிடும். அப்புறம் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், இந்த ஆட்டத்தில் காசு அதிகம் போவது மேசை விரிப்பில் அச்சடித்திருக்கும் சின்ன எண்களைப் படிக்காமல் உட்காருவதால்தான்.

ஆட்டத்தை உருவாக்கியவர் டெரெக் வெப் என்ற பிரிட்டிஷ் போக்கர் ஆட்டக்காரர், 1994இல். போக்கரின் ருசி இருக்க வேண்டும், ஆனால் பிளாக்ஜாக் மாதிரி சட்டுச்சட்டென்று முடிய வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட் நகரக் கேசினோ ஒன்றில் முதலில் கால் வைத்தது, 1999இல் அமெரிக்க உரிமையை ஷஃபிள் மாஸ்டர் என்ற, சீட்டுக் கலைக்கும் மெஷின் செய்யும் நிறுவனம் வாங்கியது, அதற்குப் பிறகு எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. இதன் வேர் இங்கிலாந்தின் பழைய பிராக் ஆட்டத்தில் இருக்கிறது. நம் பக்கம் தீன் பத்தி, மூணு சீட்டு என்று ஆடுவதும் அதே பிராக்கின் வழியில் வந்ததுதான். அதனால் மூணு சீட்டு தெரிந்தவர்களுக்கு இது பாதி பழக்கமான ஆட்டம். அந்தப் பழக்கமே ஒன்றிரண்டு இடத்தில் காலை வாரியும் விடும்.

எந்தக் கை எதைவிடப் பெரியது

52 சீட்டுள்ள ஒரு கட்டு, ஜோக்கர் கிடையாது. அதிலிருந்து மூன்று சீட்டை 22,100 விதமாக எடுக்கலாம். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் கணக்கு எல்லாம் இதிலிருந்துதான்.

மேலிருந்து கீழாக:

கலர் வரிசை (ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த மூன்று, உதாரணமாக ஆர்ட்டின் 7-8-9): 48 கைகள்
ட்ரெயில் (மூன்றும் ஒரே எண்): 52 கைகள்
வரிசை (சின்னம் கலந்து அடுத்தடுத்த மூன்று): 720 கைகள்
கலர் (மூன்றும் ஒரே சின்னம்): 1,096 கைகள்
ஜோடி: 3,744 கைகள்
எதுவும் சேராத வெறும் கை: 16,440

மூணு சீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது முதல் இரண்டு வரி. நம் ஆட்டத்தில் ட்ரெயில்தான் ராஜா, இங்கே கலர் வரிசை அதை அடித்துவிடும். காரணம் எளிது, 48 என்பது 52ஐவிட அபூர்வம். ஐந்து சீட்டுப் போக்கர் தெரிந்தவர்களுக்கு வேறொரு இடத்தில் இடறும்: அங்கே வெறும் வரிசையைக் கலர் அடிக்கும், இங்கே கலரை வரிசை அடிக்கும். அதுவும் எண்ணிக்கையைப் பார்த்தால் தானாகப் புரிந்துவிடும். ஏஸ்-2-3 ஒரு வரிசையாகச் செல்லும், ஆனால் அதுதான் வரிசைகளிலேயே சின்னது. மூணு சீட்டில் பல இடங்களில் அதற்கு இரண்டாம் இடம் கொடுப்பார்கள், இங்கே அந்த மரியாதை கிடையாது. சின்னங்களுக்குள் உயர்வு தாழ்வும் கிடையாது, இஸ்பேடும் கிளாவரும் ஒன்றுதான்.

நான்கில் மூன்று தடவை உங்கள் கையில் வருவது வெறும் கைதான் என்பதையும் இப்போதே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜோடி வருவது ஏறத்தாழ ஆறு கைக்கு ஒரு முறை, கலர் இருபது கைக்கு ஒரு முறை, வரிசை முப்பதுக்கு ஒரு முறை. ட்ரெயிலைப் பார்க்க சராசரியாக 425 கை ஆட வேண்டும், கலர் வரிசைக்கு 460. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தும் இரண்டையும் பார்க்காமல் எழுந்திருப்பது சர்வசாதாரணம்.

ஒரு கை எப்படி நடக்கிறது

உங்கள் இடத்துக்கு எதிரே விரிப்பில் மூன்று குறிகள் இருக்கும்: பேர் பிளஸ், ஆன்டே, பிளே. புது மேசைகளில் இன்னும் ஒன்றிரண்டு கூடுதல் வட்டங்களும் இருக்கும், அவற்றை இப்போதைக்குக் கண்டுகொள்ளாதீர்கள்.

உட்காரும் முன் மேசையின் குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்று பலகையைப் பாருங்கள். லாஸ் வேகாஸில் ஒரே கேசினோவில் பகலில் ஒரு தொகையும் சனிக்கிழமை இரவில் வேறு தொகையும் இருக்கும், அதனால் காலையில் பார்த்ததை நம்பி இரவில் போய் உட்காராதீர்கள். பணத்தை டீலர் கையில் நீட்டக் கூடாது, அவர் வாங்க மாட்டார். நோட்டை விரிப்பின் மேல் வைத்தால் அவர் கேமராவுக்குத் தெரியும்படி பரப்பி எண்ணிவிட்டு அதற்கான சிப்பை, அதாவது பணத்துக்குப் பதில் ஆடும் வில்லையை, தள்ளுவார். அது திமிர் இல்லை, எல்லாமே மேலே இருக்கும் கேமராவுக்காக நடக்கும் சடங்கு. நடுக் கையில் போய் நோட்டை வைக்காமல், ஒரு கை முடியும்வரை காத்திருந்து வைப்பது மரியாதை.

ஆன்டே வட்டத்தில் ஒரு தொகை வைக்கிறீர்கள், 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு போட்ட பிறகு அந்தச் சிப்பைத் தொடவே கூடாது. மெஷின் கலைத்துக் கொடுக்கும் சீட்டிலிருந்து உங்களுக்கு மூன்று, டீலருக்கு மூன்று, எல்லாம் கவிழ்த்தபடி. உங்கள் மூன்றையும் ஒரே கையால் எடுத்துப் பாருங்கள், மேசையின் விளிம்பைத் தாண்டி மடிக்குக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவதும் பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. உண்மையில் அடுத்தவர் சீட்டு தெரிந்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம்தான், ஆனால் விதி விதிதான்.

கை பிடிக்கவில்லை என்றால் சீட்டைக் கவிழ்த்து டீலர் பக்கம் வைத்துவிடலாம். ஆன்டே போய்விடும், அத்தோடு முடிந்தது. ஆடுவதென்றால் ஆன்டேக்குச் சமமான தொகையை, அதாவது இன்னொரு 15ஐ, பிளே கட்டத்தில் வைக்க வேண்டும். கூடவும் வைக்க முடியாது, குறைத்தும் வைக்க முடியாது.

எல்லோரும் முடித்ததும் டீலர் தன் சீட்டைத் திறப்பார். இங்கேதான் இந்த ஆட்டத்தின் விசேஷ விதி வருகிறது. டீலர் கையில் ராணியோ அதைவிடப் பெரிய சீட்டோ இருக்க வேண்டும், அல்லது ஜோடியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இருந்தால்தான் அவர் கை தகுதி பெறும். ஜாக்கியோ அதற்குக் கீழோ உள்ள வெறும் கை என்றால் தகுதி இல்லை. அப்போது உங்கள் கை எவ்வளவு கேவலமாக இருந்தாலும் ஆன்டேக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், பிளே பணம் அப்படியே திரும்பி வரும். தகுதி பெற்றுவிட்டால் இரண்டு கையையும் ஒப்பிடுவார்கள். நீங்கள் ஜெயித்தால் ஆன்டே, பிளே இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று, தோற்றால் இரண்டும் போகும், சமம் என்றால் இரண்டும் திரும்பும்.

உதாரணமாக உங்கள் கையில் இஸ்பேட் ராணி, டைமண்ட் 7, கிளாவர் 2. பிளே வைத்துவிட்டீர்கள், ஆக மொத்தம் 30 டாலர் வெளியே இருக்கிறது. டீலர் திறந்தது ஜாக்கி, 10, 5, சின்னம் கலந்து. தகுதி இல்லை, உங்களுக்கு 15 லாபம். திறந்தது ராஜா, 9, 4 என்றால் தகுதியும் உண்டு, ராணியை ராஜா அடித்தும்விட்டது, 30 போயிற்று. திறந்தது ராணி, 6, 5 என்றால்? ராணிக்கு ராணி சரி, அடுத்த சீட்டில் உங்கள் 7 அவருடைய 6ஐவிடப் பெரியது, அங்கேயே முடிந்தது, மூன்றாவது சீட்டைப் பார்க்கவே வேண்டாம். 30 லாபம். ஒப்பிடுவது எப்போதும் இப்படித்தான், பெரிய சீட்டிலிருந்து ஒவ்வொன்றாக.

இதோடு ஆன்டே போனஸ் என்று ஒன்று உண்டு. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். பிளே வைத்து ஆடிய கையில் வரிசை வந்தால் ஆன்டேக்கு ஒரு மடங்கு, ட்ரெயிலுக்கு 4 மடங்கு, கலர் வரிசைக்கு 5 மடங்கு, டீலர் உங்களை ஜெயித்தாலும் சரி தோற்றாலும் சரி. மூன்று 8 வந்து, நெஞ்சு படபடக்கப் பிளே வைத்து, டீலர் ஜாக்கி கையைத் திறந்து தகுதியில்லாமல் போகும்போது வயிறு எரியும் பாருங்கள். ஆன்டேக்கு 15, போனஸாக 60, பிளே மட்டும் ஒன்றும் சம்பாதிக்காமல் திரும்பி வரும். புதிதாக ஆடுபவர்கள் இதில்தான் டீலரோடு சண்டைக்குப் போவார்கள். அவர் ஏமாற்றவில்லை, விதியே அதுதான்.

அந்த ஒரு வரி

ராணி-6-4 அல்லது அதைவிடப் பெரிய கை என்றால் ஆடுங்கள், அதைவிடச் சின்னது என்றால் கவிழ்த்துவிடுங்கள். அவ்வளவுதான் உத்தி.

எப்படிப் பார்ப்பது என்றால்: ஜோடியோ அதற்கு மேலோ என்றால் யோசிக்காமல் ஆடுங்கள். ஏஸ் அல்லது ராஜா இருந்தாலும் அப்படியே, கூட இருப்பது 3-2 ஆக இருந்தாலும் கவலை இல்லை. ஜாக்கிதான் பெரியது என்றால் கவிழ்த்துவிடுங்கள். ராணிதான் பெரியது என்றால் மட்டும் இரண்டாவது சீட்டைப் பாருங்கள். அது 7 அல்லது அதற்கு மேல் என்றால் ஆடலாம், மூன்றாவது எதுவாக இருந்தாலும். 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் கவிழ்க்க வேண்டும். சரியாக 6 என்றால்தான் மூன்றாவது சீட்டுக்கு வேலை: 4 அல்லது 5 இருந்தால் ஆடுங்கள், 3 அல்லது 2 என்றால் விட்டுவிடுங்கள். ராணி-6-4 ஆடு, ராணி-6-3 விடு, ராணி-5-4 விடு.

ஏன் இந்த இடத்தில் கோடு விழுந்தது? டீலர் தகுதி பெறாமல் போவது 22,100இல் 6,720 தடவை, ஏறத்தாழ 30 சதவீதம். உங்கள் கையில் டீலரின் எந்தத் தகுதியுள்ள கையையும் ஜெயிக்க முடியாத குப்பை இருக்கிறது என்று வையுங்கள். அதை 100 தடவை ஆடினால், 30 தடவை ஆன்டேக்கு ஒரு பங்கு வரும், 70 தடவை ஆன்டேயும் பிளேயும் சேர்ந்து இரண்டு பங்கு போகும். 30 வந்து 140 போனால் நிகரம் 110 நஷ்டம். 100 தடவையும் கவிழ்த்திருந்தால் 100தான் நஷ்டம். ஆக குப்பையைக் கவிழ்ப்பதே மலிவு. ராணி கைக்கு வரும்போது இரண்டு சின்ன அனுகூலம் சேருகிறது. ஒரு ராணி உங்களிடம் மாட்டிக்கொண்டதால் டீலருக்குத் தகுதி கிடைப்பது கொஞ்சம் குறைகிறது, அவர் ராணி கை வைத்திருந்தாலும் அதில் சிலதை நீங்கள் ஜெயிக்கிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்து அந்த 110ஐ 100க்குக் கீழே இழுக்கும் இடம்தான் ராணி-6-4. இழுப்பதும் மயிரிழைதான், அதனால் ராணி-6-4 உங்களுக்கு நல்ல கை என்று நினைத்துவிடாதீர்கள், கவிழ்ப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தோற்கும் கை, அவ்வளவுதான்.

இந்த உத்தியோடு ஆடினால் மூன்றில் ஒரு கையைக் கவிழ்ப்பீர்கள், கேசினோவின் பங்கு, அதாவது நீங்கள் கட்டும் ஆன்டேயில் சராசரியாக அதன் கைக்குப் போவது, 3.37 சதவீதம். ராணி இருந்தாலே ஆடுவேன், டீலரைப் போலவே, என்று வைத்துக்கொண்டால் 3.45 ஆகும். பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் ராணி-6-4க்குக் கீழே இருக்கும் ராணிக் கைகள் மொத்தமே 480தான். ராணி-6-4ஐ மறந்துபோனவர் ராணியை மட்டும் பிடித்துக்கொண்டாலும் மோசமில்லை. ஆனால் சீட்டைப் பார்க்காமலே பிளே வைக்கும் வீரர்கள் உண்டு, மூணு சீட்டில் பிளைண்ட் ஆடிய பழக்கம். அவர்களுக்கு அது 7.65 சதவீதம். மூணு சீட்டில் பிளைண்ட் ஆடினால் எதிராளிகள் பயந்து பேக் ஆவார்கள், அதாவது சீட்டைக் கவிழ்ப்பார்கள், பாதிப் பணம் கட்டினால் போதும் என்ற சலுகையும் உண்டு. இங்கே டீலர் பேக் ஆகவே மாட்டார், சலுகையும் கிடையாது. யாரைப் பயமுறுத்துகிறீர்கள்?

பேர் பிளஸ்: இங்கேதான் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும்

பேர் பிளஸ் தனி ஆட்டம் மாதிரி. டீலர் கையோடு இதற்குச் சம்பந்தமே இல்லை, உங்கள் மூன்று சீட்டில் ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் பணம், இல்லாவிட்டால் போச்சு. முடிவெடுக்க ஒன்றுமே இல்லை என்பதால் உத்தியும் இல்லை. உத்தி எல்லாம் எந்த மேசையில் உட்காருகிறோம் என்பதில்தான், ஏனென்றால் எந்தக் கைக்கு எவ்வளவு என்பதைக் கேசினோ தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆரம்பக் காலப் பட்டியல் இது, கட்டிய பணத்துக்கு எத்தனை மடங்கு என்று: கலர் வரிசைக்கு 40, ட்ரெயிலுக்கு 30, வரிசைக்கு 6, கலருக்கு 4, ஜோடிக்கு 1. இப்போது அமெரிக்காவில் பெரும்பாலும் தென்படுவது அதேதான், கலருக்கு மட்டும் 4க்குப் பதில் 3. ஒரே ஒரு எண்தானே என்று தோன்றும். 22,100 கையையும் ஒவ்வொரு தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கட்டி ஆடியதாகக் கணக்குப் போடுங்கள். பழைய பட்டியலில் கலர் வரிசை 1,920 டாலர் தரும், ட்ரெயில் 1,560, வரிசை 4,320, கலர் 4,384, ஜோடி 3,744. கூட்டினால் 15,928. வெறும் கையில் போவது 16,440. நிகர நஷ்டம் 512, அதாவது 2.32 சதவீதம். கலரை 3 ஆக்கிவிட்டால் 1,096 டாலர் கழியும், நஷ்டம் 1,608 ஆகும், 7.28 சதவீதம். ஒரு எண் மாறியதில் கேசினோவின் பங்கு மூன்று மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது, விரிப்பின் நிறமும் டீலரின் சிரிப்பும் அப்படியே இருக்கின்றன.

அதனால் உட்காரும் முன் கலருக்கு எதிரே என்ன எண் என்று மட்டும் பாருங்கள். 4 என்றால் ஆசைக்குக் கொஞ்சம் கட்டலாம். 3 என்றால் பேர் பிளஸ் வட்டத்தைக் காலியாக விடுங்கள், ஆன்டே மட்டும் ஆடுங்கள். கலருக்கு 4ஐ அப்படியே வைத்துவிட்டு வரிசையை 5 ஆகக் குறைத்த பட்டியலும் உண்டு, அது 5.57 சதவீதம். ஏஸ்-ராஜா-ராணி ஒரே சின்னத்தில் வந்தால் 50 என்று பெரிதாகப் போட்டிருக்கும் மேசைகளும் உண்டு. அப்படி வரக்கூடிய கை நான்கே நான்கு, கலருக்கு 3 என்ற ஓட்டையை அந்த 50 அடைக்காது, 7.28 குறைந்து 7.10 சதவீதம் ஆகும், அவ்வளவுதான்.

ஆன்டே போனஸிலும் இதே வேலை நடக்கும். கலர் வரிசை, ட்ரெயில், வரிசைக்கு 5-4-1 என்று இருந்தால் மேலே சொன்ன 3.37. அதை 4-3-1 ஆக்கியிருந்தால் 3.83, 3-2-1 என்றால் 4.28. பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நடப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

சிக்ஸ் கார்ட் போனஸ் என்ற வட்டமும் இருக்கும். உங்கள் மூன்றையும் டீலரின் மூன்றையும் சேர்த்து அதில் நல்ல ஐந்து சீட்டுக் கை வந்தால் பணம், ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் 10 முதல் ஏஸ் வரை) 1,000 மடங்கு என்றெல்லாம் மின்னும். ஆன்டேயைவிடக் கேசினோவுக்கு இதில் வரும் பங்கு நன்றாகவே அதிகம். என் கருத்து: தொடாதீர்கள். யாராவது பக்கத்தில் ஜெயித்துக் கூச்சல் போட்டால் கை தட்டுங்கள்.

கையில் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும்

இந்த ஆட்டம் வேகமானது. மணிக்கு 50 கை என்று வைத்தால் 15 டாலர் ஆன்டேயில் 750 டாலர் ஆன்டே ஓடுகிறது, அதில் 3.37 சதவீதம் ஏறத்தாழ 25 டாலர். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொழுதுபோக்க ஆகும் சராசரிச் செலவு அது. கலருக்கு 3 தரும் மேசையில் பேர் பிளஸிலும் கைக்கு 15 கட்டினால் மேலே 55 டாலர் சேரும், மொத்தம் 80. அதாவது அந்தப் பக்கத்து வட்டம் உங்கள் செலவை மூன்று மடங்காக்குகிறது.

ஆனால் இது சராசரி. ஒரு மணி நேரத்தில் உண்மையில் நடப்பது சராசரி மாதிரியே இருக்காது. ஆன்டே-பிளேயில் கைக்குக் கை ஏற்ற இறக்கம் ஆன்டேயைப் போல 1.6 மடங்கு, 50 கைக்கு அது 170 டாலருக்குக் குறையாமல் வரும். அதனால் 25 போக வேண்டிய இடத்தில் 150 லாபத்தோடு எழுந்திருப்பதும் நடக்கும், 200 நஷ்டத்தோடு எழுந்திருப்பதும் நடக்கும், இரண்டுமே உங்கள் திறமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முப்பது ஆன்டேயாவது கையில் இல்லாமல் உட்காராதீர்கள், 15 டாலர் மேசைக்கு 450. அது இல்லை என்றால் குறைந்த மேசையைத் தேடுங்கள், அல்லது வேடிக்கை பாருங்கள். அந்தத் தொகை போய்விட்டால் ஏடிஎம் பக்கம் நடக்காதீர்கள், கேசினோவுக்குள் இருக்கும் ஏடிஎம்களின் கட்டணமே தனி அநியாயம். வீட்டு வாடகை, கல்விக் கடன் தவணை, சிட் ஃபண்டுக்குக் கட்ட வைத்த பணம், இதில் எதையும் அந்த 450க்குள் சேர்க்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மரீனா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா இரண்டிலும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டும், வெளிநாட்டுப் பயணிகளுக்கு இல்லை. 15 வெள்ளி ஆன்டேயில் ஆறு மணி நேரம் ஆடித் தோற்கும் சராசரித் தொகையை நீங்கள் வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போகிறீர்கள் என்று அர்த்தம். ஊரிலிருந்து வந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் பாஸ்போர்ட்டைக் காட்டி சும்மா நுழைவார், நீங்கள் வரி கட்டுவீர்கள்.

லாஸ் வேகாஸிலும் 21 வயதுதான், ஆளைப் பார்த்து இளமையாக இருந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்தியாவில் செல்போனில் பணம் கட்டிப் பழகலாம் என்று நினைத்தால், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது, அந்த வழி வேண்டாம். பழகுவதற்கு வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு போதும். தனியாக உட்கார்ந்து உங்களுக்கு மூன்று, டீலருக்கு மூன்று என்று போட்டு, சிப்புக்குப் பதில் தீப்பெட்டிக் குச்சி வைத்து ஆடிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ராணி-6-4 கண்ணில் பட்டதும் கை தானாக நகரும், குச்சிக் குவியல் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதும் தெரியும்.

மேசையில் காதில் விழுவது

"நீங்க கவிழ்த்தது தப்பு, அதனாலதான் டீலருக்கு நல்ல கை வந்துச்சு" என்று யாராவது முறைப்பார்கள். பிளாக்ஜாக்கில் அடுத்தடுத்து சீட்டு வாங்குவதால் இப்படிப் பேசும் பழக்கம் வந்தது. இங்கே எல்லோருடைய சீட்டும், டீலருடையதும், யாரும் முடிவெடுக்கும் முன்பே போட்டாகிவிட்டது. உங்கள் முடிவால் யாருடைய சீட்டும் மாறாது. சிரித்துவிட்டு உங்கள் கையைப் பாருங்கள்.

"ரொம்ப நேரமா ஜோடியே வரல, இப்ப வந்தே ஆகணும்" என்பார் இன்னொருவர். ஒவ்வொரு கைக்கும் முழுக் கட்டையும் கலைத்துவிடுகிறார்கள். கட்டுக்கு ஞாபகம் கிடையாது. இதே காரணத்தால் பிளாக்ஜாக் மாதிரி போன சீட்டை எண்ணி வைத்து ஆடும் வித்தையும் இங்கே எடுபடாது. தோற்றதும் பந்தயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது பற்றியும் சொல்வார்கள். ஆன்டேயை 15, 30, 60 என்று ஏற்றினால் பிளேயும் கூடவே ஏறும் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், 60 ஆன்டே என்றால் ஒரு கைக்கு 120 வெளியே நிற்கிறது.

வேறு மேசைகளோடு ஒப்பிட்டுக் கேட்டால்: கரீபியன் ஸ்டட்டில் ஆன்டேயில் 5.22 சதவீதம் போகும், லெட் இட் ரைடில் 3.51, அல்டிமேட் டெக்சஸ் ஹோல்டெமில் நன்றாக ஆடத் தெரிந்தால் 2.19. கடைசியது கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் அதில் ஆன்டேக்கு நான்கு மடங்குவரை எப்போது ஏற்றுவது என்று பல முடிவுகள் உண்டு, புதிதாக ஆடுபவர் தப்பு செய்தால் அந்த எண் காணாமல் போய்விடும். இரட்டைப் பூஜ்யம் உள்ள ரூலட்டில் 5.26. முதல் தடவை உட்காருபவருக்கு, கலருக்கு 4 தரும் த்ரீ கார்ட் மேசையோ, 3 தந்தாலும் ஆன்டே மட்டும் ஆடும் கட்டுப்பாடோ இருந்தால், இது நியாயமான இடம் என்பேன்.

எழுந்திருக்கும்போது

அமெரிக்காவில் டீலருக்கு டிப்ஸ் கொடுப்பது வழக்கம். அவ்வப்போது ஒரு சிப்பைத் தள்ளினால் போதும், அல்லது உங்கள் பந்தயத்துக்குப் பக்கத்தில் அவருக்காக ஒன்றை வைக்கலாம். இலவசமாக வரும் பானத்தைக் கொண்டு வருபவருக்கும் ஒரு டாலர் கொடுங்கள். அந்தப் பானம் இலவசம் என்பதால் அடுத்தடுத்து வாங்கினால் ராணி-6-3 கூட ஆடக்கூடிய கையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

போகும்போது சின்னச் சிப்புகளை அள்ளிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு கை முடிந்ததும் எல்லாவற்றையும் முன்னால் தள்ளி மாற்றித் தரச் சொன்னால், டீலர் எண்ணிப் பெரிய சிப்பாக மாற்றித் தருவார். டீலர் ரொக்கம் தர மாட்டார், சிப்பை எடுத்துக்கொண்டு காசாளர் கவுண்டருக்குப் போக வேண்டும். அன்றைக்கே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஒரு கேசினோவின் சிப்பைத் தெருவுக்கு எதிரே இருக்கும் கேசினோவில் கொடுத்தால் வாங்குவார்கள் என்று உறுதி கிடையாது, ஊருக்குக் கொண்டுவந்துவிட்டால் அது சாவிக்கொத்தில் கோர்க்கத்தான் ஆகும்.